மருந்துத் தொட்டிக்கு அடியில்

லியாவ் ரென்குய்யின் மலைத்தோட்டத்தில், மேற்கு எல்லையை ஒட்டி, சிமென்ட்டால் கட்டிய ஒரு மருந்துத் தொட்டி இருக்கிறது. பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலப்பதற்கான தொட்டி. ஜியாங்ஷி மாகாணத்து அன்யுவான் பக்கம் ஆரஞ்சு போட்ட யாரிடமும் இப்படி ஒன்று இருக்கும். ஆனால் யாரும் அதை எல்லையில் கொண்டுபோய்க் கட்டமாட்டார்கள். தோட்டத்து நடுவில் மேடான இடம் பார்த்துக் கட்டினால்தான் குழாய் நாலா பக்கமும் எட்டும். ரென்குய்க்கு இது தெரியாததல்ல. கட்டும்போதே அவர் மனைவி சுய்லான் கேட்டாள்.

"மேட்டுல எடம் கெடக்கு. இந்த ஓரத்துல கொண்டாந்து கட்டுறியே, ஒனக்கு என்னய்யா ஆச்சு?"

"இங்கதான் தரை கெட்டியா இருக்கு."

"ஆமா, மலை பூரா பஞ்சு மெத்தை பாரு."

அவர் சிமென்ட்டைப் பூசிக்கொண்டிருந்தார். தொட்டிக்கு அடியில் ஓர் ஆரஞ்சு மரத்தின் அடிக்கட்டை இருந்தது.

ரென்குய் வாலிபனாக இருந்தபோது அந்த மலையில் ஒன்றும் கிடையாது. விறகுக்காக வெட்டி வெட்டி மொட்டையான செம்மண் மேடு. மழை பெய்தால் ரத்தம்போல் வழிந்து வயலில் இறங்கும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் மலையை அமிலம் விட்டுக் கரைத்து, தொழிற்சாலைகளுக்கான அருமண் தாது எடுத்தார்கள். அதில் வந்த பணம் யாருக்கோ போயிற்று. அங்கே இன்றும் புல் முளைப்பதில்லை. ஜியாங்ஷி மாகாணத்துக்குக் கடல் இல்லை. கடலோரத்து மாகாணங்களுக்குத் தொழிற்சாலைகள் வந்தன. ஜியாங்ஷியிலிருந்து அங்கே போவதற்கு ஆட்கள் இருந்தார்கள். தெற்கே ஒரு மலைத்தொடரைத் தாண்டினால் அப்படி ஒரு மாகாணம், குவாங்தோங். ரென்குய்யும் பக்கத்து வீட்டு ஷியே திங்ஷெங்கும் ஒரே பேருந்தில் அந்த மலையைத் தாண்டினார்கள்.

செருப்புத் தொழிற்சாலையில் அடித்தோலுக்குப் பசை தடவும் வேலை. இருவருக்கும் சேர்த்து ஒரு கட்டில். ஒருவர் பகல் வேலைக்குப் போகும்போது மற்றவர் வந்து படுப்பார். "தம்பி, நீ எந்திரிச்ச சூட்டுலயே நான் படுத்துக்குவேன், போர்வைச் செலவு மிச்சம்" என்பார் திங்ஷெங். இரண்டு வயது மூத்தவர், எதையும் வேடிக்கையாக்கிவிடுவார். ரென்குய்க்குக் காய்ச்சல் கண்டபோது மட்டும் அவர் கட்டிலைக் கேட்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்துக்கொண்டு, காய்ச்சல் விடும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மலைகளைக் குத்தகைக்குக் கொடுக்கிறார்கள், ஆரஞ்சு நட்டால் கன்றுகூடத் தருகிறார்கள் என்று ஊரிலிருந்து செய்தி வந்ததும் இருவரும் திரும்பினார்கள். பக்கத்துப் பக்கத்து மேடுகளை எடுத்தார்கள். மலையைப் படிபடியாக வெட்டி, ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழி தோண்டி, வைக்கோலும் பன்றிச் சாணமும் போட்டு நிரப்பினார்கள். திங்ஷெங்கின் மனைவி யின்மெய்யும் சுய்லானும் காவடித்தடியில் கூடை கட்டி மண் சுமந்தார்கள். "செருப்புக்குப் பசை தடவுனவனுங்க மரத்துக்குச் சாணி தடவ வந்துட்டானுங்க" என்று யின்மெய் சொல்வாள். அவள் சிரித்தால் எதிர் மேட்டில் கேட்கும்.

காய்த்தது. அடியில் தொப்புள்போல் சுழித்த, கை கொள்ளாத ஆரஞ்சு. இலையுதிர் காலம் முடியும் சமயத்தில் வடக்கிலிருந்து லாரிகள் வந்து சாலையில் வரிசைகட்டும். பழத்தைக் கழுவி, மெழுகு பூசி, பெட்டியில் அடுக்கும் கொட்டகைகள் வந்தன. குவாங்தோங்குக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். ரென்குய் மூன்று மாடி வீடு கட்டினார். மகளை மாகாணத் தலைநகர் நான்சாங்கில் கல்லூரிக்கு அனுப்பினார். மருந்தடிக்கும் மோட்டார் ஒன்றை இரண்டு வீடும் சேர்ந்து வாங்கின. அது திங்ஷெங் வீட்டுக் கொட்டிலில் நிற்கும். யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுக்கும்போது, "அண்ணே, மோட்டாரை எடுத்துக்கிறேன்" என்று ஒரு குரல் கொடுப்பது வழக்கம். அவரும் உடனே ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு குழாய் பிடிக்க வந்துவிடுவார்.

மஞ்சள் தளிர் நோய் தெற்கு மலைகளில் இறங்கிவிட்டது என்று பேச்சு வந்த வருடம், மாவட்டத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்து கிராம மன்றத்தில் பேசினாள். நோய்க்கு மருந்து இல்லை. எள்ளளவு பூச்சி ஒன்று அதை மரத்துக்கு மரம் சுமந்து போகிறது. முத்திரை இல்லாத கன்றிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். கண்ட மரத்தை வெட்டத்தான் வேண்டும். "ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி மருந்தடிக்கணும். மறந்துடாதீங்க. மரத்தைச் சாய்ச்சா பூச்சி அங்கயே உக்காந்து அழுதுகிட்டிருக்காது. பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிடும்."

பின்வரிசையிலிருந்து திங்ஷெங் குரல் கொடுத்தார். "நம்ம ஊர் ஆளுங்க குவாங்தோங்குக்குப் போற மாதிரின்னு சொல்லும்மா."

மன்றமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். ரென்குய்யும் சிரித்தார்.

அந்த இலையுதிர் காலத்தில், அறுவடைக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது, திங்ஷெங்கின் மேட்டைத் தொட்ட மேற்கு எல்லையில் நின்ற மரத்தில் ரென்குய் அந்தப் பழங்களைப் பார்த்தார். காம்புப் பக்கம் மட்டும் சிவந்து, கீழே பச்சையாகவே நின்ற பழங்கள். 'சிவப்பு மூக்கு' என்று அந்தப் பெண் படத்தில் காட்டியது இதைத்தான். ஒரு கிளையில் தளிர் மஞ்சளாக இருந்தது. மற்ற மரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வேறு எதிலும் ஒன்றும் தெரியவில்லை.

தகவல் சொன்னால் மாவட்டத்து ஆட்கள் வந்து, வெட்ட வேண்டிய மரம் என்று சிவப்புச் சாயம் பூசுவார்கள். சாயம் பூசிய மலைப் பக்கம் வியாபாரி தலைவைக்கமாட்டான். தன் பழம் மட்டுமல்ல, திங்ஷெங்கின் பழமும் மரத்திலேயே நிற்கும். அண்ணனுக்காகவும்தானே, என்று ரென்குய் தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொண்டதுதான் பிற்காலத்தில் அவரை அதிகம் கூசவைத்தது.

வெட்டிவிடுவது என்று முடிவு செய்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை, வெட்டத்தான் சொன்னார்கள். ஆனால் மருந்தடிக்க மோட்டார் வேண்டும். மோட்டார் வேண்டுமென்றால் குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்தால் திங்ஷெங் குழாய் பிடிக்க வருவார். வந்தால் மரத்தைப் பார்ப்பார். வீட்டில் முதுகில் மாட்டும் பழைய கைப்பம்பு ஒன்று இருந்தது. ரென்குய் அதைத் தொட்டும் பார்த்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. தூறலில் மருந்து இலையில் நிற்காது, அடித்தும் பயனில்லை என்று அதை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுக் கைரம்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மரம் சத்தமில்லாமல் சாய்ந்தது. கிளைகளைக் கழித்துக் கட்டும்போது இலைகளுக்கு அடியிலிருந்து என்னவோ பொடிப்பொடியாக எழும்பிப் போனது. தூறலோ பூச்சியோ என்று அவர் உற்றுப் பார்க்கவில்லை. உச்சிவேளைக்கு முன்பே தூறல் நின்று வெயில் அடித்தது.

சாயங்காலம் திங்ஷெங் எல்லையில் நின்று கேட்டார். "என்ன தம்பி, காய்ச்ச மரத்தைச் சாய்ச்சிட்டே?"

"மருந்துத் தொட்டி ஒண்ணு கட்டலாம்னு அண்ணே. எடஞ்சலா இருந்துச்சு."

"காய் பறிச்சிட்டுச் சாய்ச்சிருக்கலாமே. சரி, ஒனக்குக் காசு மிஞ்சிப் போச்சு."

சொன்ன பொய்க்காக, அந்த வாரமே அவர் அங்கே தொட்டி கட்டினார்.

அந்த வருடப் பழம் நல்ல விலைக்குப் போயிற்று. வசந்தத்தில் திங்ஷெங், ரென்குய்யின் மரம் போனதால் தன் பக்கத்து எல்லையில் வெயிலடிக்கும் வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு, அங்கே நிரப்பச் சந்தையில் கன்று வாங்கினார். முத்திரை போட்ட பண்ணைக் கன்று அல்ல. மூன்று சக்கர வண்டியில் வைத்து விற்பவனிடம் மலிவாகக் கிடைத்தது. அவற்றைத் தொட்டிக்கு நேர் எதிரே, எல்லையோரம் நட்டார். அடுத்த இலையுதிர் காலத்தில் முதலில் மஞ்சளானவை அந்தக் கன்றுகள்தான். அப்புறம் அவற்றுக்கு மேலே நின்ற பெரிய மரங்கள். அப்புறம் ரென்குய்யின் மரங்கள். சாயம் பூசுகிறவர்கள் வந்தபோது இரண்டு மேடுகளிலும் வாளியைக் கீழே வைக்க நேரமில்லை.

ஒரு நாள் காலை திங்ஷெங் வந்தார். ஒரு கையில் கால் கட்டிய சேவல், மறு கையில் யின்மெய் காய்ச்சிய அரிசி மது. வாசலுக்குள் வராமல் நின்றார். அவர் முகத்தில் வேடிக்கை எதுவும் இல்லாமல் ரென்குய் அதற்குமுன் பார்த்ததில்லை.

"தம்பி, நான்தான் கொண்டாந்தேன்."

"எதை?"

"நோயை. அந்த வண்டிக்காரன்கிட்ட வாங்குன கன்னு. முத்திரை இல்லாத கன்னு வாங்காதீங்கன்னு அந்தப் பொண்ணு தொண்டை கிழியக் கத்துச்சு. காசுக்குப் பார்த்தேன். மொதல்ல அதுங்கதான் மஞ்சளாச்சு, நீயும் பார்த்தேல்ல. அங்கேருந்துதான் ஒன் தோட்டத்துக்கு வந்துச்சு."

ரென்குய்யின் வாயில் வார்த்தை இருந்தது. சேவல் இறக்கையை அடித்துக்கொண்டது. அவர் சொன்னது வேறு.

"பூச்சி எங்கேருந்து பறந்துச்சுன்னு யாருக்குண்ணே தெரியும்."

"நீ பெரிய மனசுக்காரன். அப்படித்தான் சொல்லுவே."

சேவலை வாங்கிக்கொண்டார். சுய்லான் அதைச் சமைத்தாள். ரென்குய் அன்று வெறுஞ்சோற்றைத் தின்றார்.

மரங்களை வெட்டும் நாளில், தன் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, திங்ஷெங் முதலில் ரென்குய்யின் தோட்டத்துக்கு வந்து நின்றார். "குழாயை நான் பிடிக்கிறேன். மொதல்ல மருந்து, அப்புறந்தான் ரம்பம். தப்பு ஒருதரம் நடந்தா போதும்" என்றார். ஒவ்வொரு மரத்துக்கும் அடியிலிருந்து உச்சிவரை நனைத்தார். கூலி என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. அந்த நாட்களில் ரென்குய் அவர் முதுகைப் பார்த்தபடியே வேலை செய்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பின் ஊரில் பாதிப் பேர் மறுபடி தெற்குப் பேருந்தில் ஏறினார்கள். திங்ஷெங்கும் ஏறினார். இந்த முறை தொழிற்சாலையில் எடுக்கவில்லை, வயதாகிவிட்டது. கட்டட வேலைதான் கிடைத்தது. ரென்குய்யின் மகள் அதற்குள் வேலைக்குப் போயிருந்ததால் அவர் ஊரிலேயே இருந்து சர்க்கரைவள்ளியும் நிலக்கடலையும் போட்டார். யின்மெய் ஒற்றை ஆளாய் வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

குளத்தங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்ததை சுய்லான்தான் பார்த்தாள். ரென்குய் தன் மூன்று சக்கர வண்டியில் மெத்தையைப் போட்டு அவளை மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். போகும் வழியில் அவளுடைய ஒரு கை மட்டும் அசைந்தது. அது பின்னாலிருந்து அவருடைய சட்டையைப் பிடித்திருந்தது. திங்ஷெங்கின் பேருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ரென்குய்யின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா அவகூட நீயாவது இருந்தியே. வேத்து மனுஷங்க நடுவுல போகல."

தோட்டம் இருந்திருந்தால் நீயே இருந்திருப்பாய் அண்ணே, என்று ரென்குய் நினைத்தார். மரங்களுக்குச் சாயம் பூசிய நாளிலிருந்து அவர் உள்ளுக்குள் வைத்திருந்த கணக்கில் இது சேர்ந்தது. மற்றவற்றை எல்லாம் எப்படியாவது தள்ளிவைக்க முடிந்தது. சட்டையைப் பிடித்திருந்த அந்தக் கையை முடியவில்லை. அந்தச் சட்டையை அவர் அப்புறம் போடவுமில்லை, எறியவுமில்லை.

யின்மெய்யைத் தோட்டத்துக்கு மேலே, மலையின் தோளில் புதைத்தார்கள். வசந்தத்தில் இறந்தவர்களைக் கும்பிடும் கல்லறை நாள் ஒவ்வொன்றுக்கும் திங்ஷெங் வந்து புல்லைச் செதுக்கிவிட்டுப் போவார்.

போன வருடம் கல்லறை நாளுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. வேலைத்தளங்களில் அறுபதைத் தாண்டியவர்களை ஏற்றக்கூடாது என்று விதி வந்துவிட்டது. ஊருக்கு வருமுன் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு போய்ப் பார்த்தாராம். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதே சமயம் ஊரில் ஒரு பேச்சு வந்தது. பூச்சி புகாத வலைக்கொட்டகையில் வளர்த்த நல்ல கன்று தருகிறார்கள். அந்த வசந்தத்துக்குள் நடாமல் தரிசாகக் கிடக்கும் மேடுகளைக் குத்தகையிலிருந்து எடுத்து, வெளியூர் ஆட்களுக்கு எண்ணெய் எடுக்கும் காய்மரம் போடக் கொடுத்துவிடப் போகிறார்கள். ரென்குய் கன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தார். திங்ஷெங் கொடுக்கவில்லை.

அந்தக் கல்லறை நாளில் புல் செதுக்கி, இறந்தவர்களுக்கான காகிதப் பணம் எரித்து, யின்மெய்க்குப் பிடித்த இறைச்சி அடைத்த சோயாப் பாலாடையை ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, இருவரும் கீழே இறங்கினார்கள். தொட்டியருகே ரென்குய் நின்றார்.

"கன்னுக்கு நாளையோட பேர் எடுக்கிறத முடிச்சிடுவாங்க அண்ணே."

"எனக்கு எதுக்குடா."

"மேட்டை எடுத்துட்டா என்ன பண்ணுவே? தெக்கயும் ஒன்னைய ஏத்தமாட்டான்."

"யாராவது வீட்டுக்குக் காவக்காரனாப் போறேன். தம்பி, இந்தக் கை ஒருதரம் இந்த மலைக்கு நோயைக் கொண்டாந்துச்சு. மறுபடி இதால ஒரு கன்னை நட்டா மண்ணுக்கே கூசும்." அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல படுத்திருக்கிறவளும் அதாலதான் படுத்திருக்கா. நான் இங்க இருந்திருந்தா அன்னைக்கித் துணிக்கூடையை நான் தூக்கியிருப்பேன்."

ரென்குய் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன் கை இல்லண்ணே. என் கை."

"என்னது?"

"இந்தத் தொட்டி இருக்கிற எடத்துல நான் சாய்ச்ச மரம். அதுல சிவப்பு மூக்கு இருந்துச்சு. ஒன் கன்னு வர்றதுக்கு முந்தின வருஷம். மருந்தடிக்காம வெட்டுனேன். மோட்டார் கேட்டா நீ வந்துடுவேன்னு கேக்கல. பூச்சி ஒன் பக்கந்தான் போச்சு. நீ கன்னு நட்டப்ப அது அங்க காத்துக்கிட்டிருந்திருக்கும்."

திங்ஷெங்கின் கண் கலங்கியது. ரென்குய் அடிக்குக் காத்திருந்தார்.

"இதை ராத்திரி பூரா யோசிச்சு வெச்சியா?"

"அண்ணே, சத்தியமா."

"தொட்டி கட்டுறதுக்கு வெட்டுனேன்னு நீயே அன்னைக்கிச் சொன்னே. தொட்டியும் கட்டுனே. இந்தா நிக்குது."

"பொய் சொன்னேன். பொய்க்காகத்தான் கட்டுனேன்."

"ஒரு பொய்க்காக எவண்டா சிமென்ட்டு வாங்குவான்?" திங்ஷெங் சிரித்தார், பழைய சிரிப்பு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "செருப்புக் கம்பெனியில என் பங்குச் சோத்தைத் தின்னுட்டுத் தின்னலன்னு பொய் சொல்லக்கூட ஒனக்குத் தெரியாது. காது செவந்துடும். நீயா இம்மாம் வருஷம் மறைச்சே? எனக்காக வாயில வராத பொய்யை வரவழைக்கிறே."

ரென்குய் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்ச் சம்மட்டியுடன் வந்தார். தொட்டியை உடைத்தால் அடியில் கட்டை இருக்கும். பழத்தை அது காட்டாது, மஞ்சள் தளிரையும் காட்டாது, ஆனாலும் எதையாவது காட்ட வேண்டும் போலிருந்தது. முதல் அடியில் விளிம்பு கொஞ்சம் பெயர்ந்தது. இரண்டாவதை ஓங்கும்போது திங்ஷெங் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"பைத்தியக்காரா, கன்னு வெச்சா மருந்தை எதுல கலக்குறது? ஒன் தொப்பியிலயா?"

ரென்குய்யின் கை தணிந்தது.

"சரி" என்றார் திங்ஷெங். "நடுறேன். இதுக்கு மேல ஒன்னைய அசிங்கப்பட விட்டா நான் மனுஷனில்ல. போய்ப் பேர் கொடுக்கிறேன். போதுமா?"

அன்று மாலை சுய்லான் முற்றத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பெயர்ந்த சிமென்ட் துண்டு ரென்குய்யின் கையில் இருந்தது.

"சொன்னியா?" என்று கேட்டாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று அவர் கேட்டதில்லை.

"சொன்னேன்."

"நம்புனாரா?"

"இல்ல."

அவள் ஒரு கை கடலையை உரித்து முடித்தாள். "அப்ப மறுபடி சொல்லு."

மறுபடியும் சொன்னார். கன்று நட்ட நாளில் ஒருமுறை. மது குடித்துக்கொண்டிருந்தபோது ஒருமுறை. திங்ஷெங் அதைச் சந்தைக் கடையில் கதையாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்: தன்னை நட வைப்பதற்காக ரென்குய் எப்படிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், எப்படிச் சம்மட்டியோடு ஓடி வந்தார் என்று. கேட்டவர்கள் ரென்குய்யைப் பார்த்தால் சிகரெட் நீட்டினார்கள். அவர் வாங்காமல் போனால் அதையும் பணிவு என்றார்கள்.

தொட்டிக்கு எதிரே திங்ஷெங் நட்ட கன்றுகளில் இந்த வசந்தத்தில் தளிர் வந்திருக்கிறது. தன் தோட்டத்துக்குப் போகும் முன் ரென்குய் தினமும் எல்லையைத் தாண்டி அங்கே போகிறார். குந்தி உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு தளிரையும் திருப்பி அடியில் பார்க்கிறார். மேலே யின்மெய்யின் கல்லறையில் வைத்த காகிதப் பணம் காற்றில் படபடக்கும். திங்ஷெங் ரப்பர் காலணியோடு வந்து பின்னால் நிற்பார்.

"என் கன்னை என்னைவிட நீதான்டா கொஞ்சுறே" என்பார்.

ரென்குய் தலையைத் தூக்காமல் அடுத்த இலையைத் திருப்புவார்.

"அண்ணே, மோட்டாரை எடுத்துக்கிறேன்" என்பார்.